என் தங்கையின் நுரையீரலை யாரும் எங்களிடம் கேட்கவில்லை

சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கும், தேசிய மருத்துவ ஆய்வு மன்றத்தினருக்கும், நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்த நோயாளிகளைப் பார்த்துவரும் இந்தச் சிங்கப்பூர்த் தீவின் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும்,

வணக்கம்.

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்குக்கு எதிரே ஒரு மேம்பாலம் உண்டு. 38 படிகள். 2014-இல் ஒரு நாள் தேக்காவுக்குப் போகக் கிளம்பியபோது என் தங்கை பாதிப் படியில் நின்று கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். நான் மேலே ஏறிப்போய்க் காத்திருந்தேன். அவள் வரவில்லை. திரும்ப இறங்கி வந்து பார்த்தால் கைப்பேசித் திரை இருட்டாக இருந்தது. அவள் எதையும் படிக்கவில்லை. மூச்சு வாங்குவதை யாரும் கவனிக்கக் கூடாது என்று அப்படி நின்றிருக்கிறாள். அவளுக்கு அப்போது வயது 33. உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. உதட்டுச் சாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படிக்கட்டிலிருந்து நோயின் பெயர் தெரியவரும் வரை 14 மாதங்கள் ஆயின. ரத்தச்சோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். வேலை மன உளைச்சலாக இருக்கும், ஓய்வெடுங்கள் என்றார் ஒருவர். ஒவ்வொரு முறையும் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்கள்; ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்தது. நுரையீரலுக்குப் போகும் குழாயில் அழுத்தம் ஏறிக்கிடப்பதை அந்தப் பட்டை காட்டாது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கடைசியில் ஓர் இளம் மருத்துவர் அவள் காலைப் பார்த்தார். செருப்பு வார் பதிந்த பள்ளம் செருப்பைக் கழற்றி நெடுநேரம் ஆகியும் அப்படியே இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு அன்றைக்கே எக்கோ (ஒலி அலையால் எடுக்கும் இதயப் படம்) எடுக்கச் சொன்னார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அவரை நினைக்காத நாளில்லை.

அப்புறம் கழுத்து வழியாகக் குழாய் விட்டு இதயத்தின் வலப்பக்கத்து அழுத்தத்தை அளந்தார்கள். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் சாதாரணமாக 14 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். 20-ஐத் தாண்டினால் நோய் என்று இப்போது வரையறை. அன்றைக்கு அந்த எல்லை 25. என் தங்கைக்கு 56. நுரையீரலுக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தமனிகளின் சுவர் தடித்து, வழி குறுகி, அந்த நெருக்கடியை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயத்தின் வலது அறை களைத்துப்போகிறது. இதுதான் நோய்.

எங்கள் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஏன் வந்தது?"

மருத்துவர் சொன்ன சொல் "இடியோபதிக்". காரணம் தெரியவில்லை என்று அர்த்தம். அதை நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளவே இல்லை. கருவுற்றிருந்தபோது தான் தின்றது காரணமா, ஆறு வயதில் இவளுக்கு அம்மை போட்டதே அதுவா, சமையலறைப் புகையா என்று ஐந்து வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். காரணம் தெரியாத நோய் வரும் வீட்டில், அந்தக் காலி இடத்தில் அம்மாக்கள் தங்களைக் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார்கள். இந்த மடலை நான் எழுதுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த இரவுகளில் இந்த நோயைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரியாததைத் தாதியரிடமும் மருத்துவர்களிடமும் கேட்டேன். அவர்களும் சலிக்காமல் சொன்னார்கள். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. "காரணம் தெரியவில்லை" என்ற பெட்டி தானாகச் சுருங்கவில்லை. யாராவது நோயாளிகளை உட்கார்ந்து எண்ணிய ஒவ்வொரு தடவையும்தான் அதிலிருந்து சிலர் வெளியே வந்திருக்கிறார்கள்.

1960-களின் பிற்பாதியில் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி மூன்றிலும் திடீரென்று இந்த நோய் பெருகியது. வந்தவர்களை எண்ணி, என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டபோது, உடல் இளைக்க விற்கப்பட்ட அமினோரெக்ஸ் என்ற மாத்திரை அகப்பட்டது. அதையொட்டித்தான் 1973-இல் ஜெனீவாவில் உலகச் சுகாதார நிறுவனம் இந்த நோய்க்கென்று முதல் கூட்டத்தைக் கூட்டியது. 1981-இல் ஸ்பெயினில் கலப்பட எண்ணெய் ஒன்றைச் சமையல் எண்ணெயாக வாங்கிச் சாப்பிட்டவர்களில் பலருக்கு இதே நோய் வந்தது. ஆண்டுதோறும் மே 5-ஆம் தேதி இந்த நோய்க்கான உலக நாளாகக் கடைப்பிடிக்கப்படுவது அந்த எண்ணெயால் இறந்துபோன ஒரு குழந்தையின் நினைவாகத்தான். ஷிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணிப் புழுவும் ஒரு காரணம் என்று தெரிந்தது. 1980-களின் கடைசியில் எச்ஐவியும் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் கிருமி உள்ளவர்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. 2000-த்தில் பிஎம்பிஆர்2 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். குடும்பத்தில் வழிவழியாக வரும் நோயில் பெரும்பாலானவர்களுக்கு அந்த மரபணுவில்தான் பழுது.

அந்த மரபணுக் கண்டுபிடிப்பின் வழியே போய்த்தான், ரத்தக்குழாய்ச் செல்கள் பெருகுவதற்கும் அடங்குவதற்கும் நடுவில் கெட்டுப்போன சமநிலையைச் சரிசெய்யும் சொடாடெர்செப்ட் என்ற ஊசி மருந்து 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காரணத்தைத் தேடுவது அம்மாக்களின் ஆறுதலுக்காக மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். என் தங்கைக்கு அது எட்டவில்லை. அவள் 2021-லேயே போய்விட்டாள்.

இப்போது கிருமி விஷயத்துக்கு வருகிறேன்.

1994-இல் நியூயார்க்கில் யுவான் சாங், பேட்ரிக் மூர் என்ற இருவரும் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் காப்போசி சார்க்கோமா என்ற கட்டிக்குள் ஒரு புதிய கிருமியின் தடத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு மனித ஹெர்ப்பிஸ் வைரஸ் 8 என்று பெயர். சுருக்கமாக எச்எச்வி-8. ஹெர்ப்பிஸ் என்றதும் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், தெரியும். மனிதரைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் வகைக் கிருமிகள் எட்டு என்று எண்ணிட்டிருக்கிறார்கள். ஆறாவதை இரண்டாகப் பிரித்தால் ஒன்பது. அம்மா சொன்ன அந்த அம்மை, அதாவது சின்னம்மையைத் தரும் கிருமியும் இதே குடும்பம்தான். இங்கே சீனர்களிடையே அதிகம் பேசப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயோடு தொடர்புள்ள எப்ஸ்டீன்-பார் கிருமியும் இதே குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு முறை உடம்புக்குள் வந்தால் போகாது. ஏதோ ஒரு செல்லுக்குள் பதுங்கிக்கொண்டு காலமெல்லாம் கூடவே இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது.

2003 செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது என்பதால் உங்களில் பலர் அப்போதே படித்திருப்பீர்கள். கார்லைன் கூல் என்ற நோய்க்குறியியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் எழுதியது. இந்த நோயில் நுரையீரல் தமனிகளுக்குள் ஒரு விதமான பின்னல் முளைக்கும். ரத்தக்குழாயின் உள்தோல் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகிக் கொடிச் சிக்கல் போல் குழாயை அடைத்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் அது காப்போசி சார்க்கோமாவைப் போலவே இருக்கிறதே என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எச்எச்வி-8-ஓடு தொடர்புள்ள, நிணநீர்க் கணுக்கள் வீங்கும் காசில்மன் நோயும் நுரையீரல் அழுத்த நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருந்ததையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். சரி, தேடித்தான் பார்ப்போமே என்று சேமிப்பில் இருந்த நுரையீரல் திசுக்களை எடுத்துச் சோதித்தார்கள். காரணம் தெரியாத வகை நோய் வந்த 16 பேரில் 10 பேரின் நுரையீரலில் அந்தக் கிருமியின் தடம் கிடைத்தது.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 16-இல் 10!

அப்புறம் வந்த கட்டுரைகளையும் படித்தேன். ஜெர்மனியில் தேடினார்கள், தொடர்பு தெரியவில்லை. ஜப்பானில் தேடினார்கள், இல்லை. அமெரிக்காவிலேயே வேறு குழுவினர் தேடினார்கள், அங்கேயும் இல்லை. இரண்டு மூன்று வருடங்களுக்குள் பேச்சு அடங்கிவிட்டது. பிறகு வந்த எழுத்துகளில் இது ஒரு வரியில் வருகிறது: ஒரு காலத்தில் இப்படி ஒரு சந்தேகம் இருந்தது, பிறகு வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

என் மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எச்எச்வி-8-தான் இந்த நோய்க்குப் பெரிய காரணம் என்று நான் நம்பவில்லை. அத்தனை இடங்களில் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பதிலுக்கு நாம் மரியாதை கொடுக்க வேண்டும். அதுவும் ஆசியாவின் பெரும்பகுதியில் இந்தக் கிருமியே குறைவு. ஆப்பிரிக்காவிலும் மத்தியதரைக் கடல் பக்கத்திலும்தான் அதிகம். கிருமி குறைவாக உள்ள ஊர்களிலும் இந்த நோய் வருகிறது.

ஆனாலும் அந்தக் கேள்விக்கு முறையான விடை கிடைத்துவிட்டது என்றும் என்னால் நினைக்க முடியவில்லை. ஒரு குழு நுரையீரல் திசுவில் சாயம் ஏற்றிக் கிருமியின் புரதத்தைத் தேடியது. இன்னொரு குழு ரத்தத்தில் எதிர்ப்பணுவை, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதத்தைத் தேடியது. வேறொரு குழு கிருமியின் மரபணுத் துணுக்கைப் பெருக்கித் தேடியது. சாயம் சில சமயம் இல்லாததை இருப்பதாகக் காட்டும். மெழுகுக்கட்டியில் வருடக்கணக்காகக் கிடந்த பழைய திசுவில் மரபணு சிதைந்து, இருப்பதும் இல்லாததாகப் போகும். ரத்தத்தில் எதிர்ப்பணு தெரிவது கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்ததைச் சொல்லுமே தவிர, நுரையீரலில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. ஒவ்வொரு ஆய்விலும் இருந்தவர்கள் சில பத்துப் பேர். நான் கணக்கு எழுதுகிறவள். இரண்டு கிளைகள் வெவ்வேறு முறையில் கணக்கெழுதி வெவ்வேறு மிச்சம் காட்டினால், இரண்டில் ஒன்று சரி என்று எடுத்துக்கொண்டு கோப்பை மூடமாட்டோம். ஒரே ரசீதை இரண்டு பேரும் எப்படி எழுதினார்கள் என்று எடுத்துப் பார்ப்போம்.

கதை அதோடு முடியவும் இல்லை. 2010-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஓர் ஆய்வு, எச்எச்வி-8 தயாரிக்கும் கே5 என்ற புரதம் செல்லின் மேலிருந்து சேதி வாங்கும் பிஎம்பிஆர்2 ஏற்பியை (அதே பெயர் மரபணு தரும் புரதம்) பிடித்து உள்ளே இழுத்து அழிக்க வைக்கிறது என்று சோதனைக்கூடத்தில் காட்டியது. குடும்ப வழி நோயில் மரபணுவின் பழுதால் குறைந்துபோகும் அதே பொருளைத்தான் இந்தக் கிருமியும் குறைக்கிறது! ஆய்வுக்கூடத்துச் செல்லில் நடப்பதெல்லாம் மனித நுரையீரலில் நடந்துவிடாது, உண்மைதான். ஆனாலும் எனக்கு அது சாதாரண ஒற்றுமையாகப் படவில்லை. எச்ஐவியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இந்த நோயைத் தருகிறது என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நுரையீரல் ரத்தக்குழாயின் உள்தோல் செல்லுக்குள் அந்தக் கிருமியைத் தேடினால் அகப்படுவதில்லை. தூரத்திலிருந்தே தன் புரதங்களால் கெடுக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் திசுவில் கிருமி இல்லை என்ற ஒரே காரணத்தால் எந்தக் கிருமியையும் விடுவித்துவிட முடியுமா? எச்எச்வி-8 குற்றமற்றதாகவே இருக்கட்டும். அதன் குடும்பத்தில் மற்றவை? ஏற்கெனவே மரபணுவில் பழுது உள்ள ஒருவரை ஒரு கிருமி தள்ளிவிடுகிறதா? பழுதுள்ள எல்லாருக்கும் இந்த நோய் வருவதில்லை. வராதவருக்கும் வந்தவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கொலராடோ கட்டுரையைப் படித்த வாரம், வீட்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஒரு கிருமியாலகூட வந்திருக்கலாமாம்" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தீபாவளிக்குச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. என் தங்கைக்கு மட்டும் காகிதக் கோப்பையில் வந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். குடித்து முடித்ததும் கோப்பையைத் தானே எடுத்துப்போய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் எம்ஆர்டி ரயிலில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அக்கா, இனிமே இத யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

அவளுக்கு அந்தக் கிருமி இருந்ததா என்று யாரும் சோதித்ததே இல்லை. இருந்தாலும் ஒரு டம்ளரைப் பார்த்துப் பயப்பட அதில் ஒன்றும் இல்லை. உடல்நலமாக இருப்பவர்களில் பெரும்பாலானவர்களை அது எதுவும் செய்வதில்லை. பாதி உண்மை என்ன செய்யும் என்பதை அந்தக் காகிதக் கோப்பையில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்த மடலைப் படிக்கும் மற்றக் குடும்பங்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: இதை வைத்துக் கிருமி மருந்து எதையும் தேடி வாங்காதீர்கள். உங்கள் மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். நுரையீரல் அழுத்த நோய் ஒட்டுநோய் இல்லை. வீட்டில் இருப்பவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்காதீர்கள்.

மருத்துவர்களே, அதிகாரிகளே, உங்களிடம் கேட்க வந்தது இனிமேல்தான்.

என் தங்கை நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்காகக் காத்திருந்தாள். நம் ஊர் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் சிறுநீரகம், கல்லீரல், இதயம், கருவிழி வருகின்றன, நுரையீரல் வருவதில்லை. அதை ஒருவர் தனியாக விரும்பி எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். அவளுக்குப் பொருத்தமான நுரையீரல் வரவில்லை. போன நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, அதிகாலை. கொவிட் காலம் என்பதால் எங்களில் இரண்டு பேருக்குத்தான் உள்ளே இடம். மருத்துவமனையில் எல்லாரும் அன்பாக நடந்துகொண்டார்கள், அதில் குறையே இல்லை. என்னென்னவோ தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள்: கண்ணாடி, சார்ஜர், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர், பாதி தீர்ந்த நீர் மாத்திரை அட்டை. மறுநாள் மண்டாய் தகனச்சாலை.

அந்த நுரையீரலில் கொஞ்சத்தை ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கு முந்தைய ஐந்து வருடங்களிலும் அவளிடமே யாரும் கேட்டதில்லை. மூன்று முறை கழுத்து வழியாகக் குழாய் விட்டு நுரையீரல் தமனியிலிருந்தே ரத்தம் எடுத்தார்கள். அதில் ஒரு குழாயை உறைபெட்டியில் வைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் உடனே தலையாட்டியிருப்பாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். ஒரு முறை அவளே என்னிடம், "எனக்கு அப்புறம் வர்றவங்களுக்காவது ஏன்னு தெரியணும்" என்றாள். துயரத்தில் இருப்பவர்களிடம் இதைக் கேட்கத் தயக்கமாக இருந்திருக்கும், புரிகிறது. அதனால்தான் அதை முன்கூட்டியே, ஆள் தெம்பாக இருக்கும்போது கேட்க வேண்டும் என்கிறேன்.

சேமித்து வைத்த ரத்தம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கும் எப்ஸ்டீன்-பார் கிருமிக்கும் தொடர்பு இருக்குமோ என்று பல பத்தாண்டுகளாகச் சந்தேகம். ஏறக்குறைய எல்லாப் பெரியவர்களுக்கும் அந்தக் கிருமி இருப்பதால் நிரூபிக்கவே முடியவில்லை. 2022-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். அவர்களிடம் எச்ஐவி சோதனைக்காக அவ்வப்போது எடுத்து மிச்சம் வைத்திருந்த ரத்தம் உறைபெட்டியில் இருந்தது. நோய் வந்தவர்களின் பழைய ரத்தத்தை வருடம் வருடமாகப் பின்னோக்கிப் பார்த்தபோது விடை கிடைத்தது: அந்தக் கிருமி தொற்றியபின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. வேறு எதற்கோ எடுத்த ரத்தம்! அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. ஹெப்படைட்டிஸ் பி கிருமிதான் பின்னாளில் கல்லீரல் புற்றுநோயாக வந்து நிற்கிறது என்று தெரிந்தபோது இங்கே யாரும் தயங்கி நிற்கவில்லை. 1987-இலிருந்து பிறக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி. கிருமிக்கும் பல வருடம் கழித்து வரும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை இந்தத் தீவு தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறது.

எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள், இவர்களின் ரத்தத்தையும் திசுவையும் சேமிக்க ஒரு வங்கியா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2006-இல் வெளியான பிரெஞ்சுப் பதிவேட்டின்படி ஒரு மில்லியன் பெரியவர்களுக்கு 15 பேர். அதை நம் மக்கள்தொகைக்குப் பொருத்திப் பார்த்தால் நூறு பேர்கூடத் தேற மாட்டார்கள். பிற்கால மேல்நாட்டுக் கணக்குகளை எடுத்துக்கொண்டால் இருநூறு முந்நூறு ஆகலாம். இது ஒரு கணக்கெழுதுபவளின் விரல்விட்டு எண்ணும் கணக்கு, அவ்வளவே. ஆனால் குறைவாக இருப்பதே இங்கே நமக்கு வசதி. எல்லாரும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மருத்துவமனைகளுக்குத்தான் வருகிறார்கள். எல்லாருக்கும் குழாய் விட்டு அழுத்தம் பார்த்தே ஆக வேண்டும். அந்த நாளில் ஒரு சம்மதத் தாளும் ஒரு குழாய் ரத்தமும் கூடுதல். நுரையீரல் மாற்றும்போது எடுத்துப் போடும் பழைய நுரையீரலை அப்படியே அனுப்பிவிடாமல் ஒரு பகுதியை உறையவைக்க வேண்டும். மெழுகில் புதைத்தால் மட்டும் போதாது. இறந்தபின் திசு கொடுக்க விரும்புகிறீர்களா என்பதை வழக்கமான வருகை நாளிலேயே கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஒரு லட்சம் பேரைக் கொண்ட எஸ்ஜி100கே மரபணு ஆய்வைத் தொடங்கிய ஊர் இது. 2015-ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் சம்மதத்தை எப்படி வாங்க வேண்டும், திசுவை எப்படிக் காக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டது. சட்டம் இருக்கிறது, உறைபெட்டி இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க நலமானவர்களும் இருக்கிறார்கள். இந்த நோயாளிகளின் பெயர்ப் பலகைதான் அந்த வரிசையில் இல்லை.

நம் ஒரு ஊரின் எண்ணிக்கையால் விடை கிடைக்காது என்பதும் தெரியும். கோலாலம்பூர், சென்னை, ஹாங்காங் என்று அக்கம்பக்கத்துடன் ஒரே முறையில் சேமித்தால்தான் எண்ணிக்கை பெருகும். இந்தத் தடவை ஒரே மாதிரியை இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு, யாருடையது என்று சொல்லாமல் அனுப்புங்கள். இரண்டும் ஒன்றே சொன்னால்தான் எழுதுங்கள். எச்எச்வி-8 மட்டும் இல்லாமல் அந்தக் குடும்பம் முழுவதையும், ஏன், வேறெந்தக் கிருமியின் மரபணு இருந்தாலும் படித்துவிடும் கருவிகள் 2003-இல் இல்லை; இப்போது இருக்கின்றன. நிதி ஒதுக்கும் மன்றத்தினரிடம் தனியாக ஒன்று: "இல்லை" என்று வரப்போகும் ஆய்வுக்கும் பணம் கொடுங்கள். தெளிவான ஓர் "இல்லை" கிடைத்திருந்தால் நான் அந்த வார்த்தையை வீட்டில் சொல்லியிருக்கவே மாட்டேன். என் அம்மாவுக்கும் அம்மையால் இல்லை என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. சம்மதத் தாளைத் தமிழிலும் கொடுங்கள். மொழிபெயர்த்த தாளை நீட்டினால் மட்டும் போதாது, உட்கார்ந்து பேசவும் ஆள் வேண்டும். என் அம்மா தமிழ்முரசை ஒரு வரி விடாமல் படிப்பவர். ஆனால் மருத்துவமனைத் தமிழ்த் தாள் ஒன்றைப் படித்துவிட்டு, "இது நம்ம பாஷைதானா?" என்று என்னிடம் நீட்டினார். எடுத்த ரத்தம் எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள், காப்புறுதிக்காரருக்குத் தெரியுமா, வேண்டாம் என்றால் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்றுதான் எங்கள் ஆட்கள் கேட்பார்கள். கிருமி என்ற சொல் வந்தால் உடனே "ஒட்டுமா?" என்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். நடுவில் புதைத்து வைக்காதீர்கள்.

நோய் தெரிந்தபிறகு அவள் ஐந்து வருடமும் மூன்று மாதமும் இருந்தாள். 1980-களில் அமெரிக்காவில் எடுத்த கணக்கில் பாதிப் பேர் மூன்று வருடம்கூட இருக்கவில்லை. அந்த இடைவெளியை வாங்கிக் கொடுத்தது நீங்கள் கொடுத்த மருந்துகள்தான். அதை மறந்துவிட்டு இந்தக் கோரிக்கையை எழுதவில்லை. ஆறு நிமிட நடைச் சோதனையில் அவள் நடந்த அந்தத் தாழ்வாரமும், தரையில் வைத்த இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளும், கூடவே நடந்து "இன்னும் ஒரு நிமிஷம், முடியும்" என்ற தாதியும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அன்றைக்கு 402 மீட்டர். அவள் நடந்ததிலேயே அதுதான் அதிகம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவளுடைய திசு இப்போது எங்கும் இல்லை. ஆனால் நான் இருக்கிறேன், அம்மா இருக்கிறார், தம்பி இருக்கிறான். மூவருக்கும் அந்த மரபணுவில் பழுது உண்டா, ஹெர்ப்பிஸ் குடும்பத்துக் கிருமிகளில் எது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது என்று நீங்கள் பார்க்க விரும்பினால் நாங்கள் தயார். அம்மாவுக்கு வயது 71. பகலில்தான் வர முடியும். எனக்கும் தம்பிக்கும் சனிக்கிழமை காலை வேலை இல்லை. சொல்லி அனுப்பினால் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓர் அக்கா
புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்